ஒற்றாடல் அதிகாரத்தில் ஐயத்தின் இடம்

திருக்குறட் பொருட்பாலின் அரசியற் பகுதியில் 59ஆம் அதிகாரமாக நிற்பது ஒற்றாடல். ஒற்றினை அரசனுடைய இரு கண்களுள் ஒன்றாக வைத்துத் தொடங்கும் இவ்வதிகாரத்தைக் காட்டி, குடிகளை மறைந்து நின்று நோக்குதற்கு அரசுக்கு வள்ளுவரே இசைவு தந்தார் என வாதிடல் எளிது. அரசுகளின் ஒற்றுத்துறைகள்மீது மக்கள் கொள்ளும் ஐயம் நாடுதோறும் மிகுந்துவரும் இக்காலத்தில், அவ்வாதம் பொருந்துவதுதானா என்பதனை நூலின் சொல்லும் வைப்பும் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் வைப்புமுறையை நோக்குவோம். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்னும் நான்கு அதிகாரங்களுக்குப் பின்னரே ஒற்றாடல் வருகின்றது. முறை செய்தலையும், குடிகள் அஞ்சுவன செய்யாமையையும், இரக்கத்தையும் அரசனுக்கு உரைத்து முடித்த பின்னரே அவன் கையில் ஒற்றினை ஆசிரியர் கொடுக்கின்றார். 581ஆம் குறளும் ஒற்றினைத் தனித்துக் கூறவில்லை. புகழமைந்த நூலோடு இணைத்தே கூறுகின்றது. அந்நூலினை நீதிநூல் எனக் கொண்டார் பரிமேலழகர். ஆகவே நீதி ஒரு கண், ஒற்று மற்றொரு கண் என்றாகின்றது. முதற்கண்ணை மூடிக்கொண்டு இரண்டாங் கண்ணால் மட்டும் நோக்கும் அரசினை இக்குறள் கருதவில்லை.

இனி, எதிர்வாதத்திற்கு வலுவான இடமாவது 582ஆம் குறள். எல்லார்க்கும் நிகழ்வன எல்லாவற்றையும் எக்காலத்தும் விரைந்தறிதலை அது வேந்தன் தொழிலாக வைக்கின்றது. பரிமேலழகர் இதற்கு நல்லனவும் தீயனவுமாகிய சொற்களையும் செயல்களையும் அறிதல் எனப் பொருள் விரித்தார். சொற்களையும் அறிதல் என்னும் அவ்வுரையை ஏற்பின், குடிகள் தம்முள் பேசுவனவெல்லாம் அரசன் செவிக்கு உரியனவாய்விடும். ஆயினும் மூலத்தில் உள்ளது 'எல்லார்க்கும்' என்னும் நான்காம் வேற்றுமைச் சொல்லே. ஒருவர்க்கு நிகழ்வது என்பது அவரை வந்து சேரும் நன்மை தீமைகளைக் குறித்தல் இயல்பான வழக்கு. அவர் பேசுவதையும் எண்ணுவதையும் அச்சொல் நேரே குறியாது. கொடுங்கோன்மை அதிகாரத்தில், நாள்தோறும் ஆராய்ந்து முறை செய்யாத மன்னன் நாள்தோறும் நாட்டினை இழப்பான் என்று வரும் கருத்தோடு இதனை ஒட்டிப் பார்த்தல் தகும். குடிகளுக்கு உற்ற குறையை அறியாதிருத்தலே அங்குக் குற்றம். அளியும் தெறலும் செய்தற்பொருட்டே இவ்வறிதல் என்று பரிமேலழகரே கூறுதலும் நம் கருத்துக்கு ஓரளவு துணையாகின்றது.

யாரை ஒற்றுவது என்பதனை 584ஆம் குறள் வெளிப்படையாகக் கூறுகின்றது. அரசனுக்கு வினை செய்வார், அவனுடைய சுற்றத்தார், பகைவர் என்பனவே அவ்வரிசை. அதிகாரம் பெற்ற அலுவலர் முதலிலும் உறவினர் அடுத்தும் நிற்க, பகைவர் இறுதியில் நிற்கின்றனர். உழுதுண்ணும் குடிமகன் இவ்வரிசையில் இல்லை. எவரிடம் ஆற்றல் மிகுதியோ அவரிடமே ஐயமும் முதலில் செல்ல வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அர்த்தசாத்திரத்தோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு தெளிவாகும். மூன்று ஒற்றர் சொல் ஒத்தபோது நம்பலாம் என்னும் விதி இரு நூல்களிலும் உண்டு. ஆகவே ஒற்றினைப் பற்றிய பொது அரசியலறிவு ஒன்று இரண்டிற்கும் அடியில் இருத்தல் கூடும். ஆனால் கௌடிலியர் மக்கள் கூடுமிடங்களிலும் ஒற்றரைப் புகுத்தி, அவர்கள் வாதிடுவார்போல் நடித்து மக்களின் மனநிலையை அறியச் செய்கின்றார். மறைவாகக் கொல்லுதற்கும் ஒற்றரைப் பயன்படுத்துகின்றார். வள்ளுவர் கூறும் ஒற்றனோ ஐயமற அறிந்து வந்து உரைப்பவன். அவனுக்குக் கொலைத்தொழிலையோ கலகம் மூட்டும் தொழிலையோ இவ்வதிகாரம் தரவில்லை.

அறிதலினின்று ஒற்றுத்துறை செய்தலுக்குத் தாவும்போது நேரும் கேட்டினைச் சென்ற நூற்றாண்டின் அமெரிக்க வரலாறு காட்டும். அந்நாட்டுக் கூட்டுப் புலனாய்வுத் துறை 1956 முதல் 1971 வரை நடத்திய மறைமுகத் திட்டம் ஒன்று, அரசியல் இயக்கங்களை வேவு பார்த்ததோடு நில்லாது அவற்றைச் சிதைக்கவும் முயன்றது. மார்ட்டின் லூதர் கிங்கிற்கு 1964இல் பெயரில்லாக் கடிதம் எழுதி அச்சுறுத்தியதும் அத்துறையே. 1971இல் குடிமக்கள் சிலர் பென்சில்வேனியாவிலுள்ள அதன் கிளை அலுவலகத்தினின்று ஆவணங்களைக் கவர்ந்து வெளியிட்ட பின்னரே இது புலனாயிற்று. 1975இல் அமைந்த மேலவைக் குழு இதனை விரிவாக ஆராய்ந்தது.

ஒற்றன்மீதே ஐயம் வேண்டும் என்பது இவ்வதிகாரத்தின் தனிச்சிறப்பு. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஆராய்க என்கின்றது 588ஆம் குறள். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தல் வேண்டும் என்கின்றது 589. பொற்கொல்லன் ஒருவன் சொல்லையே தெளிந்து கோவலனைக் கொல்வித்த பாண்டியன், இவ்விதியைக் கடந்தமையாலேயே தன் உயிரையும் இழந்தான். 2003இல் ஈராக்கின்மீது போர் தொடுத்தபோது, அந்நாட்டில் நடமாடும் உயிர்க்கொல்லிக் கருவிக் கூடங்கள் உண்டு என்று அமெரிக்க அரசு கூறியது. அக்கூற்று பெரும்பாலும் செருமானிய ஒற்றுத்துறையிடம் பேசிய ஒரே ஓர் ஈராக்கியன் சொல்லையே சார்ந்திருந்தது. அவன் கூறியது பொய் என்பது பின்னர் வெளிப்பட்டது. குறளின் விதி பழமையானது. அதனை மீறுதலின் விலை குறையவில்லை.

இங்ஙனம் கூறுவதனால் அதிகாரத்தில் குறையே இல்லை என நாம் கொள்ளவில்லை. 586ஆம் குறள் துறவியர் வேடத்தில் ஒற்றரைச் செல்லவிடுகின்றது. அறத்துப்பாலின் கூடாவொழுக்கமோ தவவேடத்தில் மறைந்து பிறரை வஞ்சித்தலைக் கடுமையாகக் கண்டிக்கின்றது. தன்னலத்திற்காக வஞ்சித்தல் வேறு, அரசின் பொருட்டு மறைதல் வேறு என அமைதி கூறலாம். எனினும் துறவியரை நம்பிக் கதவு திறக்கும் குடிமகனுக்கு அவ்வேறுபாட்டினால் பயன் இல்லை. அறமும் பொருளும் இங்கு இசையாது நிற்கின்றன என்று ஒப்புதலே நேர்மையான திறனாய்வாகும்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. அலுவலரை ஒற்றன் ஆராய்வான். ஒற்றனை மற்றோர் ஒற்றன் ஆராய்வான். வேந்தனை ஆராய்வார் யார்? ஒற்றனுக்குப் பிறரறியச் சிறப்புச் செய்யற்க என மறைவினை வற்புறுத்தி முடியும் இவ்வதிகாரத்தில் அதற்கு விடை இல்லை. பெரியாரைத் துணைக்கோடலில்தான் விடையைக் காண்கிறோம். இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாவிடினும் கெடுவான் என்பது ஆண்டுக் கூறப்படும். மறைவான ஒற்றுக்கு வெளிப்படையான இடித்துரையே ஈடு. இக்காலத்தில் நீதிமன்றமும் பாராளுமன்றமும் செய்தித்தாளும் செய்ய வேண்டிய தொழில் அதுவே.

வணிகனே ஒற்றுக்கருவியின் உரிமையாளனாகும் நிலையை வள்ளுவர் கண்டதில்லை. சிலி நாட்டில் அயெண்டே ஆட்சிக்கு வருவதைத் தடுக்க ஐ.டி.டி. நிறுவனம் 1970இல் அமெரிக்க ஒற்றுத்துறைக்குப் பணம் தர முன்வந்தது. இசுரேலிய நிறுவனம் ஒன்று செய்த பெகாசசு என்னும் கருவி அரசுகளுக்கு விற்கப்பட்டது. அதுபற்றி ஆராய நம் உச்ச நீதிமன்றம் 2021இல் குழு அமைத்தது. ஆராய்ந்த 29 தொலைபேசிகளுள் 5இல் தீய மென்பொருள் இருந்தது என்றும், அது பெகாசசுதான் எனத் துணிய இயலவில்லை என்றும், ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022இல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இடித்துரைக்கும் அவையின் வினாவிற்கும் அரசு வாய் திறவாதபோது குடிகளின் ஐயம் வளர்தல் இயல்பே.

ஆகவே ஒற்றாடலைத் தனியே எடுத்துக் குடிகளை நோக்கித் திருப்புதல் நூலின் கருத்துக்கு மாறாகும். ஐயம் ஆள்வோரிடத்தும் ஒற்றரிடத்தும் முதலில் செல்ல வேண்டும் என்பதே இவ்வதிகாரம் தரும் முறை. அம்முறையை வேந்தன்மீதும் செலுத்துதற்குப் பொருட்பாலின் பிற அதிகாரங்களே துணையாவன. அவற்றோடு சேர்த்துக் கற்பாரே ஒற்றாடலை முழுதும் கற்றவராவர்.