“வீட்ல கேட்டுட்டு சொல்றேன்” என்றால் விட்டுவிடுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கார் வாங்கப் போகிறவர் ஆன்ரோடு விலையைப் பேசி முடித்து லோனுக்குக் கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் எக்ஸ்டெண்டட் வாரண்டி பேச்சு வரும். அவர் தயங்கினால் என்ன சொல்வது என்று சேல்ஸ் எக்ஸிகியூட்டிவுக்குப் பழக்கியிருப்பார்கள். முதலில் ஒத்துப்போக வேண்டும்: “உங்க கவலை புரியுது சார்.” அடுத்து, துணைக்கு ஒருவரை இழுக்க வேண்டும்: “போன மாசம் ஒரு கஸ்டமரும் இதையேதான் சொன்னாரு.” கடைசியில், அந்தக் கஸ்டமர் கட்டிய ரிப்பேர் பில்லைச் சொல்ல வேண்டும். எல்லா நாட்டு விற்பனைப் பயிற்சியிலும் இருக்கிற முறைதான் இது. முறையை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடைமுறையில் இது வாங்குபவரின் கேள்விக்குப் பதில் சொல்வதை விட, அவர் மேற்கொண்டு கேட்காமல் பார்த்துக்கொள்வதற்கே அதிகம் பயன்படுகிறது.

இந்த வட்டாரத்தில் வரும் கேள்விகள் லேசானவை அல்ல. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் ஏராளம். “நாங்க பண்ற பார்ட்தானே, அப்படி என்ன போயிடும்?” என்று கேட்கத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. விஷயம் தெரிந்த விற்பனையாளரிடம் இதற்கு நேர்மையான பதில் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி கட்டாயமான பிறகு வண்டிகளில் சென்சார்களும் மின்னணுக் கட்டுப்பாடுகளும் பெருகிவிட்டன. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசிஎம் போனாலோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் செய்தாலோ தெருமுனை ஷெட்டில் சரிசெய்வது கடினம், பில்லும் கனமாக வரும். ஆவடியிலிருந்து வேறு மாநிலத்துக்கு மாற்றலாகும் சிஆர்பிஎஃப் வீரருக்கு, தயாரிப்பு நிறுவனமே தரும் வாரண்டி போகிற ஊரிலும் செல்லும் என்பது உண்மையான நிம்மதி. இப்படி எடுத்துச் சொல்வது நல்ல விற்பனை. அதை ஏமாற்று என்று சொல்வது அநியாயம்.

“காசு அதிகமா இருக்கே” என்பவருக்கான பதிலில்தான் சறுக்கல் தொடங்குகிறது. வாரண்டி 18,000 ரூபாய், கூடுதலாகக் கிடைப்பது 3 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். “ஒரு நாளைக்கு டீக்காசுதான் சார், லோன்லயே சேர்த்துடலாம்” என்பார்கள். நாளுக்கு 16 ரூபாய்தான் என்பது சரியே. ஆனால் அதை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டு லோனில் சேர்த்தால் மொத்தம் 24,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். மாருதி 2024 ஜூலையிலிருந்து 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டியைக் காரோடே தருகிறது. அதற்கு மேல் 3 ஆண்டு வாங்கினாலும் 6-வது ஆண்டோடு பாதுகாப்பு முடிந்துவிடும். 7-வது ஆண்டும் தவணை மட்டும் ஓடும். டீக்காசுக் கணக்கில் இது வராது.

இந்த ஊரில் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி தண்ணீரைப் பற்றியது. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தொழிற்பேட்டை மூழ்கியதையும் பார்த்தவர்கள் நாம். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தால் அது தயாரிப்புக் குறையல்ல. எக்ஸ்டெண்டட் வாரண்டி அதற்குக் காசு தராது. அதற்கு இன்சூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ட் என்ற தனிக் கவர் எடுத்திருக்க வேண்டும். “எல்லாமே கவர் ஆகும் சார்” என்ற ஒரு வாக்கியம் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர் போன்ற தேய்மானப் பொருள்களும் பொதுவாக வெளியேதான். தயக்கத்தைப் போக்கும் பயிற்சியில் இந்த விலக்குப் பட்டியலை முதலில் எடுத்து நீட்டச் சொல்லித்தர வேண்டும்.

வெளியில் சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடும் என்ற பயமுறுத்தலும் உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தபோது, தனியார் பட்டறைக்குப் போனதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. கையில் வாங்கும் ஒப்பந்தத்தில் சர்வீஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது அவசியம்.

“வீட்ல கேட்டுட்டு சொல்றேன்” என்பதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டு, “இன்னிக்கே எடுத்தாதான்” என்று நெருக்குவதுதான் இந்த முறையின் பெரிய குறை. முதல் வாரண்டி முடியும் வரை எப்போது வேண்டுமானாலும் நீட்டிக்கப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. தள்ளிப்போட்டால் விலை கூடலாம், அவ்வளவுதான். பிரிட்டனில் காரோடு சேர்த்து விற்கப்பட்ட கேப் இன்சூரன்ஸை (கார் முழுதாகப் போனால் இன்சூரன்ஸ் தொகைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டுவது) அதே நாளில் விற்கக் கூடாது என்று 2015 செப்டம்பரிலேயே விதி வந்துவிட்டது. நம் ஷோரூம்கள் சட்டத்துக்குக் காத்திருக்காமல் டெலிவரிக்குப் பிறகு ஒரு வாரம் கொடுக்கலாம். டார்கெட்டுக்கும் இன்சென்டிவுக்கும் நடுவில் நிற்கிற அந்த இளைஞரை நான் குற்றம் சொல்லவில்லை. மாற வேண்டியது அவர் மேலாளர் வைக்கும் கணக்கு.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாயால் சொன்ன ஒவ்வொரு வாக்கையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். பிரச்சினை வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது.