வாசல் கருவிக்குப் பின்னால்
தொழிற்சாலை வாசலில் இருக்கும் வருகைப்பதிவுக் கருவி எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதன் பின்னால் ஓடும் சர்வர் மென்பொருளை யாரும் பாராட்டுவதில்லை. 1888-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் நகைக்கடைக்காரர் வில்லார்ட் பண்டி உருவாக்கிய கடிகாரம், வந்த நேரத்தைக் காகிதத்தில் அச்சிட்டது. நல்ல மென்பொருள் காப்பதும் அந்த அச்சுப் பதிவின் நம்பகத்தன்மையையே. நெட்வொர்க் அறுந்தால் கருவி பதிவுகளைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். இணைப்பு திரும்பியதும் சர்வர் அவற்றை வாங்கி, ஏற்கெனவே வந்தது இரட்டிக்காமல் சேர்க்கும். இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறவருக்குத் தேதி மாறினாலும் ஷிப்ட் ஒன்றுதான். சுமாரான மென்பொருள் இங்கேதான் இடறும்.

இப்படி வருகையைப் பதிவது வேவு பார்க்கும் வேலைதானே என்பார்கள். விரல்ரேகை விஷயத்தில் அந்தக் கவலை நியாயமானது. அட்டை போதுமென்றால் அட்டையே நல்லது. ஆனால் பதிவில்லாத இடத்தில் மேற்பார்வையாளர் சொல்வதுதான் கணக்கு. இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி நேரம் தாண்டிய வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்றது. தாண்டியதைக் காட்ட ஆதாரம் வேண்டுமே! மூலப்பதிவைத் தொடாமல், திருத்தத்தைத் தனி வரியாக, திருத்தியவர் பெயரோடு வைக்கும் மென்பொருளை நான் மதிப்பது அதனால்தான். அந்த வரிகள் சம்பளப் பிரிவுக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்கும் தெரிய வேண்டும்.