ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா? மவுண்ட் ரோஸ்கில் சிறுகடைக்கு எது பொருந்தும்?

பொடி, முறுக்கு, ஊறுகாய் என்று வீட்டிலேயே செய்து விற்பவர்களுக்கு ஆரம்பத்தில் வாட்ஸ்அப்பே போதும். ஆர்டர் பெருகியதும் யார் பணம் கட்டினார், யாருக்கு அனுப்பியாயிற்று என்பது குழம்பிவிடும். இணையக்கடை மென்பொருள் அப்போதுதான் தேவைப்படுகிறது. பலரும் கேட்கும் ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் இரண்டையும், நியூசிலாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதிக் கடையொன்றுக்கான சரக்குப் பட்டியலை ஏற்றிச் சோதித்துப் பார்த்தேன்.

அமைப்பது: ஷாப்பிஃபைக்கு மாதச் சந்தா உண்டு. சர்வர், பாதுகாப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். பருப்புப் பொடியை 200 கிராம், 500 கிராம் என்று பிரித்து, படம், விலை, எடை கொடுத்தால் கடை தயார். வூகாமர்ஸ் இலவசம், வேர்ட்பிரஸ் தளத்தின் மேல் இயங்குவது. ஆனால் சர்வர் வாடகை, அப்டேட், பேக்கப் எல்லாம் நம் பொறுப்பு. வேர்ட்பிரஸைத் தமிழிலேயே இயக்கலாம் என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு உதவும்.

வரி: நியூசிலாந்தில் ஜிஎஸ்டி 15%. 12 மாத விற்பனை 60,000 டாலரைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வாடிக்கையாளர் பார்ப்பது வரி சேர்ந்த விலையாக இருக்க வேண்டும்; 11.50 டாலர் பொட்டலத்தில் 1.50 டாலர் வரி. இரண்டு மென்பொருளிலும் இதற்கான அமைப்பு இருக்கிறது. கடை திறக்கும் முன்பே அதைச் சரிபாருங்கள்.

அனுப்புவது: உண்மையான வித்தியாசம் இங்கேதான். கிராமப்புற முகவரிக்குக் கூரியர் கட்டணம் கூடுதல். அவற்றுக்குத் தனி அஞ்சல் குறியீடுகளும் உண்டு. வூகாமர்ஸில் குறியீடு வாரியாகக் கட்டணம் வைக்கலாம். ஷாப்பிஃபையில் கூரியர் கட்டணத்தை அப்படிப் பிரிக்கத் தனிச் செயலி வேண்டியிருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் தொலைதூர ஆர்டர் ஒவ்வொன்றிலும் லாபம் கரையும். வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் வசதி இரண்டிலும் உண்டு. பக்கத்துத் தெருக்காரர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

பணம் வாங்குவது: அட்டைக் கட்டணம் எங்கும் தவிர்க்க முடியாதது. ஷாப்பிஃபையின் சொந்தப் பேமெண்ட் வசதியை விட்டு வேறொன்றைப் பயன்படுத்தினால், பேசிக் திட்டத்தில் மேலும் 2% பிடிப்பார்கள். வூகாமர்ஸில் அப்படிக் கூடுதல் பிடித்தம் இல்லை.

எதை எடுத்தாலும், உணவு விற்பவர்கள் 2014ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி தங்களுக்குப் பதிவு தேவையா என்று முதலில் பார்க்க வேண்டும். அதை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்து தராது.

தீர்ப்பு: தனி ஆளாகச் சமைத்து, கட்டி, அனுப்புகிறவர் ஷாப்பிஃபையை எடுக்கலாம், மிச்சமாகும் நேரத்துக்குச் சந்தா தகும். வேர்ட்பிரஸ் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்து, நாடு முழுக்க அனுப்புவதாக இருந்தால் வூகாமர்ஸ்தான் சரி. கடைப்பக்கத்தின் அழகைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கிராமப்புற முகவரிக்கு ஒரு பொட்டலம் ஆர்டர் போட்டு, பணம் கட்டி, ரசீது வரும்வரை பாருங்கள். கணக்கு சரியாக வந்த பிறகு கடையைத் திறங்கள்.