சப்பாத்தின் சாட்சியம்

நமது இலக்கிய வட்டங்களில் ராப் பாடல் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுளிப்போர் உண்டு. அதிலும் ஒரு சப்பாத்தைப் புகழ்ந்து பாடிய பாடல் என்றால் கேட்கவே வேண்டாம். "அது விளம்பரம், அதில் இலக்கியம் தேட என்ன இருக்கின்றது?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். 1986இல் நியூயோர்க்கின் ரன்-டி.எம்.சி. குழுவினர் வெளியிட்ட 'மை அடிடாஸ்' பாடலை முன்வைத்து இக்கேள்விக்கு விடை தேட விரும்புகின்றேன். புகழ்ச்சிப் பாடல் எங்கே முடிகின்றது, விளம்பரம் எங்கே தொடங்குகின்றது என்பதை இந்தளவு துலக்கமாகக் காட்டும் படைப்புகள் குறைவு.

ஜோசப் சிமன்ஸ், டரில் மெக்டானியல்ஸ், ஜேசன் மிசெல் ஆகிய மூவரும் குயீன்ஸ் பகுதியின் ஹொலிஸைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். அவர்கள் அணிந்த அடிடாஸ் 'சுப்பர்ஸ்டார்', 1969இல் கூடைப்பந்தாட்டத்துக்கென வந்த சப்பாத்து. முன்பக்கத்தில் சிப்பி ஓட்டைப் போன்ற இறப்பர் மூடி இருக்கும். அதனை அவர்கள் லேஸ் இல்லாமலே போட்டுக்கொண்டார்கள். சிறையில் கைதிகளிடமிருந்து லேஸைக் கழற்றி எடுத்துவிடுவது வழக்கம். எனவே லேஸ் இல்லாத சப்பாத்து கைதியின் கோலமாகவே பார்க்கப்பட்டது. அதே குயீன்ஸில் மருத்துவராக இருந்த ஜெரால்ட் டீஸ் இக்கோலத்தைக் கண்டித்து, குற்றவாளியின் சப்பாத்து எனப் பொருள்படும் 'ஃபெலன் ஸ்னீக்கர்ஸ்' என்ற தலைப்பில் ஒரு பாடலே செய்தார். அதற்கு வந்த பதில்தான் 'மை அடிடாஸ்'.

ஆசிரியனாகிய எனக்கு அந்த மருத்துவரின் கவலை விளங்காமலில்லை. பிள்ளைகள் வழிதவறிவிடுவார்களே என்ற மூத்த தலைமுறையின் பயம் அது. ஆயினும் காலைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்கின்ற பழக்கம் ஒரு சமூகத்தின் இளைஞர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

பதில் சொன்ன முறையிலேதான் இப்பாடலின் கவித்துவம் இருக்கின்றது. 'நாங்கள் நல்லவர்கள்' என்று அவர்கள் மன்றாடவில்லை. சப்பாத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகின்றார்கள். அது நடந்த இடங்களை வரிசைப்படுத்துகின்றார்கள்: இசை மண்டபங்களின் தரை, அந்நிய தேசத்து மணல், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13இல் பிலடெல்பியாவில் நடந்த 'லைவ் எயிட்' மேடை. விலை என்ன என்ற பேச்சு அங்கே முக்கியமில்லை. இந்தக் கால்கள் எங்கெல்லாம் போய் வந்தன என்பதே பேச்சு. தன்னிடம் ஐம்பது சோடி உண்டு என்று பாடகர் பெருமையடிக்கும் இடமும் இருக்கின்றது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அது பாடலின் ஓரத்தில் நிற்கின்றது, நடுவில் நிற்பது நடையே.

அதே ஆண்டு, அதே 'ரெய்சிங் ஹெல்' இசைத்தட்டிலிருந்து வந்த 'வோக் திஸ் வே' பாடலின் வீடியோ இந்த நடையை உலகின் கண்முன் நிறுத்தியது. ஒரு சுவருக்கு இப்பால் இவர்கள், அப்பால் வெள்ளையர்களின் ஏரோஸ்மித் ரொக் குழுவினர். சுவர் உடைகின்றது. இவர்கள் அவர்களுடைய மேடையில் ஏறிவிடுகின்றார்கள். அந்த வீடியோவில் சப்பாத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் அது முதற்பாடலின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகின்றது.

இனிப் பணத்துக்கு வருவோம். 1986 ஜூலையில் மடிசன் ஸ்குயார் கார்டன் அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு அடிடாஸ் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் அழைக்கப்பட்டிருந்தார். சப்பாத்தைத் தூக்கிக் காட்டுங்கள் என்று மேடையிலிருந்து கேட்டதும், திரண்டிருந்த சனம் ஆளுக்கொன்றாய் உயர்த்திப் பிடித்தது. பத்து இலட்சம் டொலர் எனப் பரவலாகச் சொல்லப்படுகின்ற ஒப்பந்தம் அதன் பின்னரே வந்தது. தன்னை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றில் படித்திருக்கின்றோம். பரிசில் பெறுவது புலவனுக்கு இழுக்கல்ல. காணப்படாமல் பெறுவதே இழுக்கு. ஹொலிஸ் இளைஞர்கள் கொடுப்பவனை வரவழைத்து, தம்மையும் தம் சனத்தையும் காணச் செய்தார்கள். பாடல் முந்தியது, பணம் பிந்தியது. இந்த வரிசை முக்கியமானது.

2002இல் வந்த நெலியின் 'எயர் ஃபோர்ஸ் வன்ஸ்' பாடலில் ஓரத்தில் நின்றது நடுவுக்கு வந்துவிட்டது. நைக்கி நிறுவனம் 1982இல் அறிமுகப்படுத்திய சப்பாத்தைப் பற்றிய அப்பாடல் அமெரிக்கத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறியது. சோடிகளின் எண்ணிக்கை, நிறங்கள், அழுக்குப்படாத வெள்ளை ஆகியனவே அதன் பொருள். அதிலும் ஓர் உண்மையான மகிழ்ச்சி இருக்கின்றது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஒரே சோடி வெள்ளைச் சப்பாத்தைக் கழுவி, இரவோடிரவாகக் காயவைத்துப் பள்ளிக்கூடம் வருகின்ற பிள்ளைகளை நாளும் பார்ப்பவன் நான். இன்னொரு சோடி என்ற கனவின் கனம் எனக்குத் தெரியும். ஆனால் அப்பாடலில் சப்பாத்து எங்கும் போய் வரவில்லை. வாங்கப்படுகின்றது, அவ்வளவுதான்.

இந்த ஆசைக்கு இரத்தத்தின் கதையும் உண்டு. 1989இல் மேரிலாந்து மாநிலத்தில் 15 வயது மாணவன் ஒருவன் எயர் ஜோர்டன் சப்பாத்துக்காகக் கொல்லப்பட்டான். மக்ல்மோரும் ரயன் லூயிஸும் 2011இல் வெளியிட்ட 'விங்ஸ்' பாடல் இத்தகைய மரணத்தையும் தொட்டுச் செல்கின்றது. சப்பாத்தைப் போட்டால் பறக்கலாம் என்று நம்பிய சிறுவனின் பரவசத்தில் தொடங்கி, அந்நம்பிக்கையை விற்றவர்கள் மீதான கேள்வியில் முடிகின்றது. 2013இல் என்.பி.ஏ. நட்சத்திரக் கூடைப்பந்தாட்டப் போட்டிக்கான தொலைக்காட்சி விளம்பரத்தில் இப்பாடல் ஒலித்தது. பரவசம் அப்படியே இருந்தது, கேள்வி வெட்டப்பட்டிருந்தது. பாடகரும் அதற்கு உடன்பட்டிருந்தார்.

விளம்பரத்துக்கும் பாடலுக்கும் இடையிலான கோடு அந்த வெட்டிலே துல்லியமாக விழுகின்றது. பொருளின் பெயர் வருவதால் ஒரு பாடல் விளம்பரமாகிவிடாது; அணிந்தவனின் வாழ்வு அதிலிருந்து அகற்றப்படும்போதே விளம்பரமாகின்றது. 'மை அடிடாஸ்' பாடலில் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டாலும், குற்றவாளி என்று சுட்டப்பட்ட கால்கள் நடந்து தீர்த்த தூரம் மிஞ்சும். அந்தத் தூரத்துக்காகவே அதனை ஒரு கவிதையாக ஏற்றுக்கொள்ளலாம் என்பது எனது துணிபு.