யாருடைய மாஸ்டர்? - ஒரு பரீட்சைப் பிரதியை முன்வைத்து

ஓரிக்கையில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று வாரமாக ஒரு சிறு பிரதியை வாசித்துக்கொண்டிருக்கிறேன். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதிய 'ஸ்க்ரம் கைடு', 2020 பதிப்பு. அக்கா மகன் சென்னையில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழுக்குப் படிக்கிறான்: 60 நிமிஷம், 80 கேள்வி, தேற 85 சதவீதம். 'எம்.ஏ. தமிழ் படிச்சவரு, நீங்க உரை சொல்லுங்க மாமா' என்றான். நன்னூல் நடத்துகிற வாத்தியார் மாதிரி ஆகிவிட்டது என் பாடு.

'மாஸ்டர்' காஞ்சிபுரத்துக்குப் புதிய சொல் அல்ல. பட்டும் ஜரிகையும் கொடுத்து, டிசைனும் கெடுவும் சொல்லி, புடவையை வாங்கிக்கொண்டு கூலி தருகிறவர் மாஸ்டர் வீவர். தறி நெசவாளர் வீட்டில்தான் இருக்கிறது. நேரமும் அவருடையது என்று பேர். முன்பணம் வாங்கினவரைக் கேட்டால் அது யாருடைய நேரம் என்று சொல்வார்.

ஸ்க்ரம் மாஸ்டரோ வேலை வாங்குகிறவர் இல்லையாம். குழு தன்னைத்தானே நிர்வகித்துக்கொள்ளும். அவர் அதற்குச் சேவை செய்வார். 2017 பதிப்பில் பணியாளும் தலைவரும் இணைந்த ஒரு சொல் இருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டு, சேவை செய்கிற மெய்யான தலைவர் என்றாக்கினார்கள். பணியாள் நழுவிவிட்டார், தலைவர் நிற்கிறார். காஞ்சிக்காரனுக்கு இங்கே திருக்குறிப்புத்தொண்டர் நினைவு வராமல் போகாது. அடியாருக்குத் துணி வெளுத்துத் தந்த ஏகாலியர். மழை விடாததால் சொன்ன பொழுதுக்குள் துணியை உலர்த்தித் தரமுடியாமல் துவைகல்லில் தலையை மோதிக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். தொண்டு என்ற சொல்லுக்குள் இப்படியொரு கல் கிடக்கிறது. இந்தப் பிரதியில் கல் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தோழர்கள் இதை முதலாளியச் சொல்லாடல் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். என்னால் முடியவில்லை. எவ்வளவு வேலை எடுப்பது, அதை எப்படிச் செய்வது என்பதை வேலை செய்கிறவர்களே முடிவு செய்ய வேண்டும்; தினமும் நடக்கும் 15 நிமிஷக் கூட்டம் அவர்களுடையது என்று இது எழுதி வைத்திருக்கிறது. கூலித்தறியில் யாரும் அப்படி எழுதிக்கொடுத்ததில்லை. பள்ளிக்கூட நாளில் இவன் அப்பாவோடு கோர்வைத் தறியில் உட்கார்ந்து கரைநாடா தள்ளினவன். இரண்டு பேர் கை பேசாமலே ஒத்துப்போவது எப்படியென்று இவனுக்கு யாரும் சான்றிதழ் தரவேண்டியதில்லை. அந்தக் கைகளுக்குக் கெடுவை மாற்றும் அதிகாரம்தான் இல்லாதிருந்தது.

பிரதியின் மௌனம் வேறிடத்தில் இருக்கிறது. கூலி, வேலைநீக்கம், சங்கம் - இம்மூன்றும் அதில் ஒரு தடவைகூட வருவதில்லை. முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது, எடுத்தவனுக்குப் பாதுகாப்பு இல்லை. 'பதினஞ்சு நிமிஷம்னு போட்ருக்கு. எங்க ஆபீஸ்ல முக்கா மணி நேரம், ஒவ்வொருத்தனா கணக்கு ஒப்பிக்கணும்' என்கிறான்.

நேற்று ராத்திரி மாதிரிக் கேள்வி ஒன்று. மேலாளர் தினக்கூட்டத்துக்கு வந்து கணக்குக் கேட்டால் ஸ்க்ரம் மாஸ்டர் என்ன செய்யவேண்டும்? நாலு விடையில் சரியானதைத் தொட்டான்: கூட்டம் வேலை செய்கிறவர்களுடையது என்று அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

'ஆபீஸ்ல சொல்லுவியாடா?'

'மார்ச்ல அப்ரைசல் மாமா' என்றான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.