எம்.ஜி.ஆர். பாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

வீட்டில் யாராவது "எம்.ஜி.ஆர். பாட்டு போடு" என்கிறார்கள். பாடியவர் டி.எம்.எஸ்., இசை எம்.எஸ்.வி., எழுதியவர் கண்ணதாசனோ வாலியோ. எம்.ஜி.ஆர். வாயசைத்தவர் மட்டுமே. ஆனாலும் கேட்டவருக்கு அது எம்.ஜி.ஆர். பாட்டுதான், போடுகிறவருக்கும் அதில் சந்தேகம் வருவதில்லை. சந்தேகமெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான். "ஆர்ட்டிஸ்ட் யார், ஆல்பம் எது?" என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு உலகத்து இசையையெல்லாம் அடுக்கிவிடலாம் என்று நினைத்தவர்கள் செய்த கருவி அது.

கேசட்டிலிருந்து மாற்றியவை, சிடியிலிருந்து எடுத்தவை, ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டு என்று விற்ற காலத்து எம்பி3-கள் எல்லாம் கலந்து கிடக்கும் ஒரு சேகரிப்பை ஒழுங்கு செய்ய மூன்று இலவச மென்பொருள்களை எடுத்துக்கொண்டேன்: எம்பி3டேக், மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட், ஃபூபார்2000. மூன்றுமே விண்டோஸில். எம்பி3டேக்கின் மேக் பதிப்புக்கு மட்டும் காசு கொடுக்க வேண்டும்.

பாட்டை அடுக்குவதில் ஃபோல்டர் கட்சி, டேக் கட்சி என்று இரண்டு உண்டு. முதலில் ஃபோல்டர் கட்சியின் வாதம். இசையமைப்பாளருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் படத்துக்கு ஒன்று, அதற்குள் பாட்டுகள். பார்த்தவுடன் புரியும், எந்த மென்பொருளும் தேவையில்லை. 'அன்னக்கிளி'யிலிருந்து தொடங்கும் இளையராஜா அடுக்கும் 'ரோஜா'விலிருந்து தொடங்கும் ரஹ்மான் அடுக்கும் இதில் அழகாக உட்காரும். சிக்கல் 'மெல்லத் திறந்தது கதவு' வரும்போது ஆரம்பிக்கிறது. 1986இல் எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம். எவர் ஃபோல்டரில் வைப்பது? விஸ்வநாதன்-ராமமூர்த்திக்குத் தனி ஃபோல்டர் போட்டால், எம்.எஸ்.வி.யின் பாட்டுகளில் பல அவர் ஃபோல்டரில் இருக்காது. இரண்டு இடத்திலும் பிரதி எடுத்து வைத்தால், ஒன்றில் திருத்தியது மற்றதில் ஏறாது. பி.சுசீலா பாடிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்க நினைத்தால் எண்பது ஃபோல்டரைத் திறந்து மூட வேண்டும். ஒரு பாட்டுக்குப் படம், இசை, கவிஞர், பாடகர்கள், நடிகர் என்று குறைந்தது ஐந்து பேர் உரிமை கொண்டாடும்போது, ஃபோல்டரோ ஒருவருக்குத்தான் இடம் கொடுக்கும்.

டேக் என்பது ஃபைலின் உள்ளேயே எழுதி வைக்கும் விவரம். எம்பி3-க்கான ஐடி3 டேக் 1996இல் வந்தது. ஃபைலின் கடைசியில் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30. பாட்டின் வகையைக் குறிக்க ஒரே ஒரு பைட், அதற்கு 80 வகைகள் கொண்ட பட்டியல். அந்தப் பட்டியலில் போல்கா நடனத்துக்கு இடம் இருந்தது, கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை. தமிழுக்கும் அதில் வழியில்லை. எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் வரும். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் டேக் ஃபைலின் முன்பக்கம் வந்தது, நீளக் கட்டுப்பாடு போனது, யூனிகோடும் நுழைந்தது. இப்போது தமிழிலேயே எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆங்கில எழுத்தில் இளையராஜா பெயரை ஒற்றை 'ஏ', இரட்டை 'ஏ', நடுவில் 'ஒய்', 'ஐஒய்' என்று விதவிதமாக எழுதி, ஒரே மனிதரை நான்கு ஆர்ட்டிஸ்டாக்கி வைத்திருக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை பெருமளவு தீர்கிறது.

முழுவதும் தீரவில்லை. இனிஷியலுக்குப் பின் இடம் விட்டால் ஒரு எம்.எஸ்.வி., விடாவிட்டால் இன்னொரு எம்.எஸ்.வி. பழைய மேக் கம்ப்யூட்டரில் பெயரிட்ட ஃபைல்களில் 'கொ' என்பது கொம்பும் காலும் பிரிந்து தனித்தனிக் குறியீடாக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் அகப்படாமல் போகலாம். 'ஔ'வுக்கு 'ஒ'வும் 'ள'வும் தட்டுபவர்கள் தனி ரகம்.

இந்த மாதிரிக் குப்பையைக் கூட்டத்தான் எம்பி3டேக். ஃப்ளோரியான் ஹைடன்ரைக் என்ற ஜெர்மானியர் எழுதியது. திறந்தால் எக்செல் தாள் போல இருக்கிறது: ஒரு வரிசைக்கு ஒரு பாட்டு, இடப்பக்கம் கட்டங்கள். முப்பது பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டத்தில் எழுதினால் முப்பதிலும் ஏறுகிறது. இதன் உண்மையான பலம் 'கன்வெர்ட்' மெனுவில். ஃபைல் பெயரில் இருப்பதை டேக்காக மாற்றலாம், டேக்கில் இருப்பதை ஃபைல் பெயராகவும் மாற்றலாம். வருடக்கணக்கில் ஃபோல்டரில் அடுக்கியவரின் உழைப்பு வீணாகாது. "இசையமைப்பாளர், படம், வரிசை எண், பாட்டு" என்ற அமைப்பை ஒருமுறை சொன்னால் ஃபோல்டர் பெயர்களையே படித்து டேக்கை நிரப்பிவிடுகிறது. பாட்டின் பெயருக்குப் பின்னால் ஏதாவது ஒரு வலைத்தளத்தின் முகவரி ஒட்டிக்கொண்டிருக்குமே (அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை), அதை நீக்க 'ஆக்ஷன்ஸ்' பகுதியில் ஒரு விதி எழுதினால் போதும், ஆயிரம் ஃபைலும் ஒரே மூச்சில் சுத்தமாகின்றன.

இதில் முதல் வேலையாக நிரப்ப வேண்டியது 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம். பலர் காலியாக விடுவது இதைத்தான். ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஐந்துக்கும் வேறு வேறு பாடகர்கள். இந்தக் கட்டம் காலியாக இருந்தால் சில ஃபோன் பிளேயர்கள் ஒரு படத்தை ஐந்து ஆல்பமாக உடைத்துக் காட்டும். அங்கே இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிட்டு, பாடகர்களை 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் எழுதுங்கள். படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் 1986 'விக்ரம்' 2022 'விக்ர'மோடு கலந்துவிடும் அபாயம் உண்டு. 'ஆயிரத்தில் ஒருவன்' 1965இலும் உண்டு, 2010இலும் உண்டு.

சரி, எம்.ஜி.ஆர். எங்கே? ஐடி3-யில் பாடகருக்கு, இசையமைப்பாளருக்கு, பாடலாசிரியருக்கு, இசைக்குழு நடத்துநருக்குக்கூட இடம் உண்டு. திரையில் வாயசைத்தவருக்கு இல்லை. ஆனால் நாமே ஒரு கட்டத்தை உண்டாக்கிக்கொள்ளலாம். எம்பி3டேக்கில் ஆல்ட் விசையோடு 'டி' அழுத்தினால் வரும் பெட்டியில் 'ஆக்டர்' என்று புதுக் கட்டம் சேர்த்தேன். கட்டத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், ஏனென்றால் ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வகை ஃபைல்களின் விதிப்படி பெயர் அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே எழுதும் மதிப்பு தமிழில் இருக்கலாம். கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு இது பெரும் வரம்: ராகம், தாளம், வயலின், மிருதங்கம் என்று கச்சேரிப் பட்டியலையே உள்ளே வைத்துவிடலாம்.

பிகார்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பாட்டின் ஒலியைக் கேட்டு ரேகை எடுத்து, தன்னார்வலர்கள் நிரப்பிய மியூசிக்பிரெய்ன்ஸ் தகவல் களஞ்சியத்தோடு ஒப்பிட்டு, எல்லா விவரத்தையும் தானே நிரப்பும் மென்பொருள். ஆங்கில ஆல்பங்களுக்கு மாயாஜாலம். பழைய தமிழ்ப் பாட்டுக்கு, யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால்தான் உண்டு. கேசட்டிலிருந்து எடுத்ததென்றால் இன்னும் மோசம்: டெக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருந்தால் சுருதி மாறும், ரேகையும் பொருந்தாது. பயன்படுத்துபவர்கள் அமைப்புகளுக்குப் போய், நீங்கள் கையால் நிரப்பிய கட்டங்களை 'மேலெழுதாதே' என்ற பட்டியலில் முதலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தமிழில் அடித்ததெல்லாம் ஆங்கில எழுத்துக்கு மாறிவிடக்கூடும்.

நிரப்பிய டேக்கின் பலனை அனுபவிக்க ஃபூபார்2000. பார்க்க வறட்சியாக இருக்கும், ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஆனால் தேடலில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆக்டர் எம்.ஜி.ஆர்., பாடலாசிரியர் வாலி, 1970க்கு முன்பு என்று ஒரு வரி எழுதினால் பட்டியல் தயார். அதை 'ஆட்டோபிளேலிஸ்ட்' ஆக்கி வைத்தால், நாளைக்கு அந்த வகையில் புதிதாக ஒரு பாட்டுச் சேர்த்தாலும் தானே வந்து உட்காரும். ஒரு கட்டத்தில் இரண்டு பேரை எழுத இங்கே அரைப்புள்ளி போட வேண்டும், எம்பி3டேக்கில் இரட்டைப் பின்சாய்கோடு. இரண்டையும் மாற்றிப் போடாமல் இருந்தால் 'மெல்லத் திறந்தது கதவு' இரண்டு மேதைகளின் பெயரிலும் வரும், ஃபைல் ஒன்றேதான்.

அப்படியானால் ஃபோல்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? காரில் ஏறியதும் பதில் தெரியும். பல கார் ஸ்டீரியோக்களுக்கு டேக்கில் உள்ள தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பென் டிரைவில் எந்த வரிசையில் ஏற்றினீர்களோ அந்த வரிசையில் பாடுபவையும் உண்டு. அங்கே ஃபோல்டர் பெயரும், முன்னால் 01, 02 என்ற எண்ணும்தான் கை கொடுக்கும். ஹார்ட் டிஸ்க்கை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும் அப்படியே. அவரிடம் ஃபூபார் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

என் தீர்ப்பு ஃபோல்டர் கட்சிக்கும் பிடிக்காது, டேக் கட்சிக்கும் பிடிக்காது. டேக்தான் மூலப்பிரதி, ஃபோல்டர் அதிலிருந்து அச்சடித்த பிரதி. ஃபோல்டரைக் கையால் அடுக்கவே அடுக்காதீர்கள். டேக்கைத் திருத்துங்கள், எம்பி3டேக் ஃபைல்களை உரிய ஃபோல்டருக்கு நகர்த்தட்டும். (அட்டைப்படம் தனி ஃபைலாக இருந்தால் அது கூடவே வராது, பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிடும்.) காருக்கென்று தனியாக ஒரு கட்டத்தில் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டால், ஃபூபாரின் 'காப்பி டு' வசதி அந்தப் பெயரிலேயே பென் டிரைவுக்குப் பிரதி எடுத்துத் தரும். வீட்டிலிருக்கும் மூலம் தமிழிலேயே இருக்கும்.

ஃபைல் பெயரில் பாடகர் பெயர்களையெல்லாம் திணிக்க வேண்டாம். விண்டோஸில் ஃபோல்டர் வழி உட்பட 260 எழுத்து என்ற பழைய எல்லை இன்னும் பல மென்பொருள்களைத் தடுக்கிறது. தமிழில் ஒவ்வொரு புள்ளியும் துணைக்காலும் தனி எழுத்தாக எண்ணப்படும். கேள்விக்குறியும் ஃபைல் பெயரில் வராது, டேக்கில் வரும்.

கேசட்டிலிருந்து வேவ் ஃபைலாக எடுத்து வைத்திருப்பவர்கள் முதலில் ஃப்ளாக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒலித்தரம் துளியும் குறையாது, டேக்குகளும் ஒழுங்காக நிற்கும். பேக்கப்பை மட்டும் இரண்டு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டேக்கில் ஒரு எழுத்தை மாற்றினாலும் ஃபைல் மாறியதாகவே பேக்கப் மென்பொருள்கள் கருதும். எனவே தொடங்குவதற்கு முன் ஒரு முழுப் பிரதி, பெயர்களை எல்லாம் திருத்தி முடித்த பிறகு இன்னொன்று. நடுவில் தினமும் ஓடும் தானியங்கி பேக்கப் இருந்தால், வேலை முடியும் வரை அதை நிறுத்தி வையுங்கள்.