‘கர்த்தர் சொன்னார்’ என்று சொல்லுமுன்

தமிழ்ப் புராட்டஸ்டண்டு வீடுகளுக்கென்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. எதிர்ப்பட்டால் ‘ஸ்தோத்திரம்’; விடைபெறும்போது ‘ஜெபத்துல நினைச்சுக்குங்க’; மகளுக்கு வேலை கிடைத்தால் ‘கர்த்தர் கிருபை செஞ்சார்’; ஊருக்குக் கிளம்புவதாயிருந்தால் ‘கர்த்தருக்குச் சித்தமானா வெள்ளிக்கிழமை’. ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871இல் வெளிவந்த வேதாகமத்தின் நடை இவர்கள் நாக்கில் இன்றும் இருக்கிறது. வெளியார் கேலி செய்வதுண்டு. சினிமாப் பாதிரியார்கள் அந்தக் கேலியை வளர்த்தும் விட்டார்கள். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அன்றாடப் பேச்சாலேயே கடவுளைக் கனம்பண்ண எடுத்த முயற்சி இது. அது எங்கே பலிக்கிறது, எங்கே கெடுகிறது?

‘சித்தமானால்’ என்பதன் வேர் யாக்கோபு நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் வியாபாரம் பண்ணுவோம், லாபம் பார்ப்போம் என்று கணக்குப் போடுகிறவர்களை யாக்கோபு கண்டிக்கிறார். திட்டமிடட்டும், ஆனால் நாளைய தினம் தங்கள் மடியில் இருப்பதுபோலப் பேசவேண்டாம் என்பதே அவர் கருத்து. எபேசுவை விட்டுப் புறப்படும் பவுலும் திரும்பி வருவதைத் தேவசித்தத்தோடு சேர்த்தே சொல்கிறார். பேசுகிறவனைச் சற்றே சிறியவனாக்கும் சொல் இது. ‘என் சாமர்த்தியம்’ என்று மார்தட்டக்கூடிய இடத்தில் ‘கிருபை’ என்று நிறுத்திக்கொள்ளும் தகப்பனும் அதையே செய்கிறார். (போகக்கூடாது என்று தீர்மானித்துவிட்டு, கல்யாண வீட்டாரிடம் ‘சித்தமானா வர்றோம்’ என்று நழுவுகிறவர்களும் உண்டு. பழியை யாக்கோபின்மேல் போடமுடியாது.)

‘கர்த்தர் எனக்குச் சொன்னார்’ என்பது வேறு ரகம். இந்தச் சம்பந்தம் வேண்டாம், இந்த மனையை வாங்கு, இந்தச் சபையை விட்டு விலகு என எதை அதன்பின் சேர்த்தாலும் எதிரிலிருப்பவர் வாயடைத்துப்போவார். அத்தையின் யோசனையைத் தட்டலாம். ஆண்டவரின் கட்டளையை எப்படித் தட்டுவது? சொன்னது நடக்காமல் போனால் கேட்டவரின் விசுவாசக் குறைவு காரணமாகிவிடுகிறது. சொன்னவருக்கு ஒரு கேடுமில்லை. அடுத்த வாரமும் சொல்வார். கடவுளின் பெயரை வீணில் எடுக்கக்கூடாது என்ற கட்டளை பொய்ச் சத்தியத்துக்கும் சாபத்துக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் பார்வையில் அது அதிகம் மீறப்படும் இடம் ஜெபக்கூட்டம்.

எரேமியா 28ஆம் அதிகாரத்தை ‘கர்த்தர் சொன்னார்’ என்கிறவர்கள் நிதானமாக வாசிக்கவேண்டும். பாபிலோனுக்குப் போன ஆலயப் பணிமுட்டுகள் இரண்டு வருஷத்துக்குள் திரும்பும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி கர்த்தரின் பெயராலேயே அறிவிக்கிறான். எரேமியா முதலில் ஆமென் என்கிறார். நடந்தால் சரி, அப்போது தெரியும் என்கிறார். பாபிலோனுக்குப் பணியவேண்டும் என்பதன் அடையாளமாகத் தன் கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதும் பதில் வாக்கு எதுவும் விடாமல் தன் வழியே போய்விடுகிறார். வார்த்தை வந்தபிறகே திரும்பி வந்து பேசுகிறார். அந்தக் காத்திருப்பில் இருக்கிற பயபக்தி அனனியாவின் உரத்த குரலில் இல்லை. அடுத்த அதிகாரத்தில் சிறைப்பட்டோருக்கு எரேமியா எழுதும் கடிதம் எழுபது வருஷம் என்கிறது. நம் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் விரும்பி அச்சிடும் 29:11 அந்தக் கடிதத்தின் வசனம்தான். அதற்கு முந்தைய வசனத்திலிருக்கும் எழுபதை நான் எந்த அட்டையிலும் கண்டதில்லை.

இன்னாருக்காக ஜெபியுங்கள் என்று சபையில் சொல்லும் ஜெபக்குறிப்பை மதிப்பிடுவது இன்னும் கடினம். ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குக் கஞ்சி வருவதும், விதவையின் வீட்டு வாடகைக்கு யாரோ கவர் கொடுப்பதும் பல சபைகளில் இந்தக் குறிப்பினால்தான். அதே வாயில் ‘பாரத்தோட சொல்றேன்’ என்ற முன்னுரையோடு இன்னார் மகன் குடிப்பதும், இன்னார் மருமகள் தாய்வீட்டுக்குப் போய்விட்டதும் வெளிவருகின்றன. முன்பு பத்துப் பேர் கேட்டார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவில் மொத்தச் சபையும் கேட்கிறது. கடவுளைத் துதிக்கும் நாக்கே மனிதரைச் சபிப்பதாக யாக்கோபு வருந்தினார். துதிக்கிற தொனியிலேயே புறணி பேசும் வித்தையை அவர் கண்டிருக்கமாட்டார்.

ஆகவே ‘ஸ்தோத்திரமும்’ ‘சித்தமானாலும்’ இருக்கட்டும். பேசுகிறவனைத் தாழ்த்தும் வரை அவை நல்லவை. அவனுக்குக் கடவுளின் அதிகாரத்தை இரவல் தரும் சொற்களை மூப்பர்களும் போதகர்களும் முதலில் தங்கள் வாயிலிருந்து எடுத்துவிடவேண்டும். ஜெபக்குறிப்பு சொல்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சம்பந்தப்பட்டவரின் சம்மதம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் பெயர் சொல்லாமல் ஜெபியுங்கள்.